கட்டைவிரல் பக்கம்

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் சஃபியா மிஸ்ஸி விட்டிருந்த சின்ன இடைவெளியில், பலகைச் சுவர் நான்கு தடவை தட்டியது.

கேள்வி ஒன்றும் பெரிதில்லை. மனித இதயத்தில் எத்தனை அறைகள்? கைப்பேசிக்குள்ளிருந்து மிஸ்ஸி கேட்டுவிட்டு, சுகுமாறன் யோசிப்பதற்காக ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, "நாலு. மூணுன்னு சொன்னீங்க, கொன்னுருவேன்," என்றார். சுகுமாறன் மூன்று என்றுதான் நினைத்திருந்தான். சுவர்தான் சரியாகச் சொல்லியிருந்தது.

எலி என்று முடிவு கட்டினான். எலிக்கு அவ்வளவு படிப்பு ஏது என்ற யோசனை சற்றுத் தாமதமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். போர்ட்டிக்சன் பக்கம், சுவாவிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையின் முடிவில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே வரிசைவீடுகளாக நின்ற அந்த லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஓயாமல் பெய்த மழை தகரக் கூரையில் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. ஈர மண்ணின் வாடையும் அழுகிய செம்பனைப் பழத்தின் புளிப்பும் சன்னல் வழியாக வந்து, நேற்றுப் பக்கத்து வீட்டில் கொளுத்திய ஊதுபத்தியின் மிச்சத்தோடு சேர்ந்து, அறைக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்துகொண்டன. மனைவி விமலா மாலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். சுவரின் அந்தப் பக்கம் முனியாண்டிக் கிழவரின் வீடு. அவரை நேற்றுச் சாயங்காலம் புதைத்தாகிவிட்டது. ஆகவே அந்தப் பக்கம் யாரும் இல்லை.

சுகுமாறன் படிக்கிற வயதைத் தாண்டியவன். அவனை அந்த வயதுக்குத் திருப்பி இழுத்துவந்தது ஒரு பட்டப்பெயர்.

ஒரு காலத்தில் தோட்டத்துக்கென்று சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதை நடத்தியவரை டிரெசர் என்பார்கள். டிரெசர் லீவு என்றால் லீவு, நடிப்பு என்றால் நடிப்பு, போயிட்டான் என்றால் போயிட்டான். மறுபேச்சுக் கிடையாது, செத்தவன் எழுந்து உட்கார்ந்தாலும் டிரெசரிடம் அனுமதி கேட்டிருப்பான். அந்தக் கட்டடத்தில் இப்போது வௌவால்கள்தான் தலைகீழாகத் தொங்கிச் சிகிச்சை பெறுகின்றன. டிரெசர் சொன்னால் சரி என்கிற பழக்கம் மட்டும் ஜனங்களிடம் மிச்சமிருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சுகுமாறன் மந்தினில் ஒரு கிளினிக்குக்கு வெகுகாலம் வேன் ஓட்டியவன். மீந்த கட்டுத்துணியை வீட்டுக்குக் கொண்டுவருவான். புண்ணுக்கு மருந்து வைத்துவிடுவான். யாரோ ஒருநாள் டிரெசர் என்று கூப்பிட்டார்கள். அவன் மறுக்கவில்லை. அடுத்த வாரமே வேன் கண்ணாடியில் ஒரு ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டுக்கொண்டான்.

இப்போது அந்தப் பெயருக்குச் சம்பளமும் கிடைக்கும்போல இருந்தது. ஓய்வுபெற்ற நர்ஸ் சஃபியா போர்ட்டிக்சனில் நடத்துகிற முதியோர் இல்லத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை. உடல் உறுப்புகள், அவற்றின் வேலை, சுகாதாரம், இந்த மூன்றிலும் ஒரு பரீட்சை, புதன்கிழமை. புத்தகம் கொடுத்தால் இவன் தூங்கிவிடுவான் என்று தெரிந்து, மிஸ்ஸி கேள்விகளைத் தன் குரலிலேயே பதிவுசெய்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

"வலது பக்க நுரையீரல்ல எத்தனை மடல்?"

மழை கொஞ்சம் தணிந்தது. சுகுமாறன் சுவரைப் பார்க்காமல் சுவரைக் கவனித்தான்.

தட்டியது. மூன்று.

"மூணு. இடது பக்கம் ரெண்டுதான், இதயத்துக்கு எடம் விட்டிருக்கு. மரியாதை தெரிஞ்ச நுரையீரல்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டிய சத்தம் தெரிந்த சத்தம். முனியாண்டி உயிரோடு இருந்தபோது எதற்கும் சுவரைத்தான் தட்டுவார். டிவியைக் குறைக்க ஒரு தட்டு, தேத்தண்ணி கேட்க ஒரு தட்டு. விரலில் ஒரு செம்பு மோதிரம் உண்டு. மரத்தில் பட்டதும் 'டொக்' என்பதன் அடியில் கிணுக்கென்று ஒரு சின்ன ஓசை வரும். கழற்ற முடியாமல் அதைச் சவத்தோடேயே விட்டுவிட்டார்கள்.

இந்தத் தட்டலிலும் கிணுக்கு இருந்தது. ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் பின்னாலேயே மெத்தென்று இன்னொன்று உரசியது. இரண்டு கையும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வருகிற மாதிரி.

பிணத்தின் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியது சுகுமாறன்தான். வெள்ளைத் துணியில், நல்ல முடிச்சு.

நேற்றுப் புரட்டாசிச் சனிக்கிழமை. முனியாண்டி விரதம். காலையிலேயே சுவரைத் தட்டி, விரத நாளில் சர்க்கரை மாத்திரை சாப்பிடலாமா டிரெசரே என்று கேட்டார். சுகுமாறன் பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு, சோத்த விட்டாலும் மாத்திரைய விட்டுடாதீங்க மாமா என்று சொல்லிவைத்தான். அப்படிச் சொல்வது பொறுப்பாக இருந்தது. மத்தியானம் விமலா தேத்தண்ணி கொண்டுபோனபோது கிழவர் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். வாய் பிளந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

லயமே கூடிவிட்டது. சுகுமாறன் வந்தான், மழையில் நனைந்த கையோடு. மந்தின் டாக்டர் செய்வதைப் போல மண்டியிட்டு, கிழவரின் மணிக்கட்டைத் தூக்கி, சுண்டுவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடுவதுதான் முக்கியம் என்று அவன் நினைத்திருந்தான். ஒன்றும் துடிக்கவில்லை. சாப்பாட்டுக் கடை ஜபருல்லா மட்டும் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமே என்று ஒரு வார்த்தை சொன்னார். சுகுமாறன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"போயிட்டாரு," என்றான்.

அவ்வளவுதான். புதைக்க அனுமதி வாங்கப் போலீசுக்குப் போனதும் அவன்தான். வயசான நோய் என்று அவன் சொல்ல, அப்படியே எழுதிக்கொண்டார்கள். சனிக்கிழமைச் சாவு ராத்தங்கக் கூடாது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். துணைக்கு ஒரு தேங்காயைப் பெட்டிக்குள் வைத்தார்கள். கெமாஸிலிருந்து மகள் தனலெட்சுமி வந்து சேர்ந்ததும் குளிப்பாட்டினார்கள். அவள் துண்டால் நெற்றியைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அழுகையை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அப்பாவுக்கு வேர்க்குதுண்ணே."

"குளிப்பாட்டுன தண்ணி தங்கச்சி. உடம்பு குடிச்சத திருப்பிக் குடுக்கும்."

பதில் அவ்வளவு நேர்த்தியாக வந்து விழுந்ததில் அவனுக்கே தன்மேல் மரியாதை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். இருட்டுவதற்குள் மண் மூடியாகிவிட்டது.

"சரி, அடுத்தது," என்றது கைப்பேசி. "நாடி புடிச்சுப் பாக்கணும். மணிக்கட்டுல எந்தப் பக்கம்?"

சுவர் தட்டவில்லை. எண்ணிக்கையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. சுவருக்குப் பின்னால் ஏதோ நீளமாகப் பலகையில் உராய்ந்துகொண்டு நகர்ந்தது. மேலிருந்து கீழே. பிறகு அமைதி.

"கட்டைவிரல் பக்கம். சுண்டுவிரல் பக்கம் அமுக்கிட்டு ஆள் செத்துட்டான்னு சொல்ற மடையனுங்க இருக்கானுங்க, அவனுங்க கைல நாம சிக்கக் கூடாது லா. மணிக்கட்டுல இல்லைன்னா கழுத்து. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாக்கணும். மூக்குக்கிட்ட மூச்சு. எல்லாம் பாத்துட்டுத்தான் வாயத் தொறக்கணும்."

சுகுமாறன் தன் இடது மணிக்கட்டை எடுத்தான். சுண்டுவிரல் பக்கம் விரல் வைத்தான், நேற்று வைத்தது போலவே.

ஒன்றும் இல்லை.

கட்டைவிரல் பக்கம் நகர்த்தினான். உடனே கிடைத்தது. துள்ளிக்கொண்டிருந்தது.

முகம் காதுவரை சூடேறியது. அறையில் யாரும் இல்லை. இருந்தாலும் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தான். பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம்தான். கிழவர் உயிரோடு இருந்திருந்தால் என்ற நினைப்பு அதற்குப் பின்னால் தள்ளாடிக்கொண்டு வந்தது. வந்து உட்கார்ந்தது எழுந்து போகவில்லை.

மிஸ்ஸிக்குத் தட்டெழுதினான்: செத்தவங்களுக்கு வேர்க்குமா?

மிஸ்ஸி குரலிலேயே பதில் அனுப்பினார். பின்னணியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். "செத்தவனுக்கு எதுக்குய்யா வேர்க்கணும்? என்னா கேள்வி இது? வேர்க்குதுன்னா ஆள் இருக்கான்னு அர்த்தம். சில்லுனு வேர்த்து, கூப்புட்டா அசையாமக் கெடந்தா, சர்க்கரை எறங்கிருச்சு. மாத்திரையப் போட்டுட்டு சோறு திங்காம இருப்பானுங்க, பொணம் மாதிரியே கெடப்பானுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உள்ள சர்க்கரைய ஏத்துனா எந்திரிச்சு உக்காந்து நம்மளையே திட்டுவான். ஏன், யாருக்கு என்னா?"

சும்மா, பரீட்சைக்கு, என்று எழுதி அனுப்பினான்.

மண்வெட்டி கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது. சுடுகாடு செம்பனை வரிசைக்கு அப்பால், நடந்தே போய்விடலாம். நாலு பேரைக் கூப்பிட்டால் போதும். கூப்பிடுவதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தைத்தான் அவனால் கட்ட முடியவில்லை. எப்படித் தொடங்கினாலும் அது 'நான்' என்றே தொடங்கியது. ஜபருல்லா கடையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே அந்தக் கதையை எப்படிச் சொல்வார் என்பது முழுதாகக் காதில் விழுந்தது. யார் யார் சிரிப்பார்கள், யார் சிரிக்காமல் பார்ப்பார்கள் என்பதுகூடத் தெரிந்தது. தனலெட்சுமி சிரிக்கமாட்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளக்கு.

பிள்ளைகளைக் கெமாஸில் விட்டுவிட்டுத் திங்கள் காலை பால் ஊற்ற வருவதாகச் சொல்லி, சாவு வீட்டில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும்படி சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள் தனலெட்சுமி. விமலா ஷிப்டுக்குப் போகும்போது இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். அவன் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டான்.

கைப்பேசி வெளிச்சத்தில் கதவைத் திறந்தான். எண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்திருந்தது. கருகிய திரியின் வாடை. அதன் அடியில் இன்னொரு வாடை இருந்தது, அவன் மூக்குக்குப் பழகிய வாடை. வேனில் நோயாளிகளை ஏற்றி இறக்கிய காலத்து வாடை. காய்ச்சல்காரனின் சட்டை. எண்ணெய் ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டான். சுடர் நின்றதும் பெஞ்சு தெரிந்தது. கிழவரைக் கிடத்தியிருந்த பெஞ்சு. நேற்றே கழுவிக் காயவைத்தது.

ஈரமாக இருந்தது.

கூரையை அண்ணாந்து பார்த்தான். ஒழுகவில்லை. ஈரம் ஒரு வடிவமாகப் பரவியிருந்தது. தலை. தோள். சேர்த்துக் கட்டிய கால். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துளி முத்துப்போலப் பூத்து, பெரிதாகி, விளிம்புவரை ஓடி, தரையில் சொட்டியது.

துடைக்க வேண்டும்போல இருந்தது. தோளில் துண்டு இருந்தது. துடைத்தான். மறுபடியும் பூத்தது.

வீட்டுக்கு எப்படித் திரும்பினான் என்பது அவனுக்கே தெரியாது. கதவைத் தாழிட்டு, கட்டிலில் ஏறி, காலை மடக்கிக்கொண்டான். கைப்பேசியை நிறுத்த மறந்துபோனான். அது தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே போனது.

"விலா எலும்பு எத்தனை சோடி?"

பன்னிரண்டு. அவசரமில்லாமல் தட்டியது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட கிழவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஒரு நொடி யோசித்தான். பிறகு தெரிந்தது. உள்ளே வெளிச்சம் இல்லை. வேறு வேலையும் இல்லை. கட்டிய கையால் தடவித் தடவி எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஒரு கையில எத்தனை எலும்பு?"

இதற்கு நேரம் பிடித்தது. நடுவில் ஒருமுறை தடுமாறி, முதலிலிருந்து தொடங்கியது. சுகுமாறன் காதைப் பொத்திக்கொண்டான். பலகையின் அதிர்வு கட்டில் கால் வழியாக ஏறி முதுகுக்கு வந்தது.

"காத்து இல்லாம மூளை எத்தனை நிமிஷம் தாங்கும்?"

காதிலிருந்து கையை எடுத்தான். இந்தப் பதில் அவனுக்கு வேண்டியிருந்தது. தண்ணீர் கேட்பவனைப் போல அந்தப் பதிலைக் கேட்டான்.

"நாலஞ்சு நிமிஷம். அதுக்கு மேல போயிரும்."

நாலஞ்சு நிமிடம். அப்படியானால் எல்லாம் நேற்றே முடிந்துவிட்டது. இப்போது தோண்டி ஒருவருக்கும் பயனில்லை. சொல்லியும் பயனில்லை. நாடிக் கேள்விக்குப் பிறகு முதன்முதலாக அவனுக்கு நன்றாக மூச்சு வந்தது. ஒரு மனிதன் செத்துவிட்டான் என்பதில் இவ்வளவு நிம்மதியா என்று வெட்கப்பட்டான். வெட்கத்தோடேயே நிம்மதியானான்.

சுவர் தட்டத் தொடங்கியது.

நான்கு.

ஐந்து.

கொஞ்சம் நின்றது. அவனும் மூச்சை நிறுத்தினான்.

ஆறு.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. கைப்பேசி அணைந்த பிறகும். விமலா வந்து, இன்னும் உறங்கவில்லையா என்று கேட்டுவிட்டுத் தூங்கிய பிறகும். அவளுக்குக் கேட்கவில்லை. அவளை எழுப்ப அவன் கை நீட்டினான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

திங்கள் காலை மழை விட்டு, வெயில் ஒன்றுமே நடக்காததுபோல அடித்தது. தனலெட்சுமி வந்துவிட்டாள். ஜபருல்லாவும் லயத்து ஆட்கள் சிலரும் கூட வந்தார்கள். செம்பனை மட்டைகளைத் தாண்டி, ஈரச் செம்மண் செருப்பில் ஒட்ட, வரிசையாக நடந்தார்கள். சுகுமாறனை முன்னால் விட்டார்கள். வழியில் ஒருமுறை வாயைத் திறந்தான். என்னாண்ணே என்றாள் தனலெட்சுமி. வழுக்கும், பாத்து வா தங்கச்சி என்றான்.

மேட்டின் தலைமாட்டில் மழையில் மண் இறங்கிக் கிண்ணம் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தனலெட்சுமி தூக்குப் பாத்திரத்தைத் திறந்தாள். பச்சைப் பால் இல்லை, காய்ச்சிய பால். அதில் சீனியைக் கொட்டி, கரண்டியால் கலக்கினாள். கலக்கிக்கொண்டே, யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னாள்.

"கடைசி வரைக்கும் சீனியே குடுக்கல. கேட்டுக் கேட்டுப் பாத்தாரு. இப்பவாச்சும் இனிப்பா குடிக்கட்டும்."

சுகுமாறனுக்கு மிஸ்ஸியின் குரல் கேட்டது. சர்க்கரைய ஏத்துனா. வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். ஏன் என்று கேட்பார்கள்.

ஊற்றினாள். பள்ளத்தில் பால் நிறைந்தது. வெள்ளையாக, வட்டமாக, வெயில் பட்டு மின்னியது. பிறகு இறங்கியது. மண் குடிக்கிற மாதிரி ஊறி இறங்கவில்லை. விட்டு விட்டு இறங்கியது. மிடறு மிடறாக.

பின்னால் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

மீதிப் பாலில் ஒரு குமிழி வந்தது. உடைந்தது. இன்னொன்று. நடுவில் ஓர் இடைவெளி. இன்னொன்று. மூச்சு எந்த வேகத்தில் வரும் என்று மிஸ்ஸி நேற்றுச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதே வேகம்.

"அண்ணே." தனலெட்சுமியின் குரலில் பயம் இல்லை. ஏதோ ஒன்று தலைதூக்கியிருந்தது. பயத்தைவிடப் பார்க்கச் சகிக்காதது. "என்னாண்ணே அது? நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஜபருல்லாவும் பார்த்தார்.

சுகுமாறன் மண்டியிட்டான். பாலுக்குள் விரல்களை விட்டான். இளஞ்சூடு. அடியில் சேறு. சேற்றுக்குள் இன்னும் கொஞ்சம். உடைந்த பெட்டிப் பலகை, அதன் இடுக்கில் ஈரத் துணி தட்டுப்பட்டது. முடிச்சு. நல்ல முடிச்சு. முடிச்சுக்குள் சேர்த்துக் கட்டிய இரண்டு விரல். பக்கத்தில் செம்பு வளையம். விரலை இன்னும் கீழே, மணிக்கட்டுக்கு நகர்த்தினான். இந்தத் தடவை சரியான பக்கம்.

கட்டைவிரல் பக்கம்.

கண்ணை மூடத் தேவையே இருக்கவில்லை. துடித்தது. மெதுவாக. திரும்பவும். அவன் விரலைத் தள்ளிக்கொண்டு, வலுவாக.

"டிரெசர் அண்ணே?" என்றாள் தனலெட்சுமி.

அவன் வாயைத் திறந்தான். ஒரே ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே நேற்றும் முந்தாநாளும் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

"ஒன்னுமில்ல தங்கச்சி. மண்ணு காத்த விடுது."

நேர்த்தியாகத்தான் வந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஜபருல்லா குனிந்துகொண்டார். சுகுமாறன் இரண்டு கை மண்ணை அள்ளிப் பள்ளத்தில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி மூடினான். மீதிப் பாலைத் தனலெட்சுமி அவன் கைமேலேயே ஊற்றிக் கும்பிட்டாள். கற்பூரம் காட்டினார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். டிரெசருக்குக் கிழவர் மேல என்னா பாசம் பாத்தியா என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். செம்பனை வரிசையின் முனையில் தனலெட்சுமி மட்டும் நின்று, திரும்பி, அவன் வருவதற்காகக் காத்திருந்தாள்.

அவன் கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே, சேர்த்துக் கட்டிய இரண்டு கைகள் தட்டின. ஒவ்வொரு தட்டுக்கும் மண் ஒரு விரல்கடை எழும்பி, அவன் அழுத்த, தணிந்தது. கையை எடுத்தால் அது அவளுக்குத் தெரிந்துவிடும்.